விடை வந்துவிட்டது, படிப்பு நடந்ததா?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். பாடத்திட்டக் குழு ஒன்றிலும் இருக்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: "ஒப்படைவு எதைக் கொடுத்தாலும் மாணவர்கள் ஏஐயிடம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். இதைத் தடுப்பதா, பாடத்திலேயே சேர்த்துக்கொள்வதா? பாடத்திட்டத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது? ஏஐயையே ஒரு பாடமாக வைப்பதா? இன்னும் பத்து ஆண்டுகளில் ஆசிரியருக்கு என்ன வேலை மிஞ்சும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் பயம் இருக்கிறது; பயத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிதானமாக யோசிக்க முடியாது. ஆசிரியருக்கு வேலை மிஞ்சும், இன்றைவிடக் கடினமான வேலையாகவே மிஞ்சும். 1913-இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்து போகும், திரைப்படமே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்றார். உளவியலாளர்களான சிட்னி பிரெஸ்ஸி 1920-களிலும் பி.எஃப். ஸ்கின்னர் 1950-களிலும் கற்பிக்கும் இயந்திரங்களைச் செய்து காட்டினார்கள். 2012-ஐ ஒட்டி, இணையத்தில் லட்சம் பேருக்கு ஒரே வகுப்பு என்ற அலை வந்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நன்மையை விட்டுச் சென்றது. ஆனால் வகுப்பறையை எதுவும் காலி செய்யவில்லை. பாடம் கிடைப்பது என்றைக்குமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதும், தடுமாறும்போது கைவிடாமல் உட்கார வைப்பதும்தான் சிக்கல்.

இந்த முறை வந்திருக்கும் கருவி முந்தையவற்றைப் போன்றது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இது பேசுகிறது, எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, நிரல் எழுதுகிறது. அதனால் இது உடைத்திருப்பது எதை என்று சரியாகப் பார்க்க வேண்டும்.

நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். தருக்க நூல்களிலும், மலைமேல் புகையைப் பார்த்து அங்கே தீ இருக்கிறது என்று ஊகிப்பதுதான் அனுமானத்துக்கு வழக்கமான எடுத்துக்காட்டு. பள்ளியில் நாம் செய்யும் மதிப்பீடு முழுவதும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. மாணவரின் மண்டைக்குள் நடக்கும் சிந்தனையை யாராலும் நேரே பார்க்க முடியாது. அதனால் கட்டுரையைப் பார்க்கிறோம், கணக்கின் படிகளைப் பார்க்கிறோம், செய்முறை ஏட்டைப் பார்க்கிறோம். இவையெல்லாம் புகை. நல்ல கட்டுரை இருந்தால், அதற்குப் பின்னால் படித்து, குழம்பி, அடித்துத் திருத்தி எழுதிய ஒரு மனம் இருக்க வேண்டும் என்று ஊகித்தோம். வேறு வழியில் அப்படி ஒரு கட்டுரை வருவது அரிது என்பதால் அந்த ஊகம் பெரும்பாலும் பலித்தது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபோது தீ இல்லாமலே புகை வர ஆரம்பித்தது. கற்பித்தலில் ஏஐயின் தாக்கம் என்று பேசப்படும் பலவும் இந்த ஒரு முறிவிலிருந்து கிளைத்தவைதான்.

முறிவைக் கண்டதும் கல்வி அமைப்புகள் முதலில் செய்தது தடை. நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் 2023 ஜனவரியில் தங்கள் இணைப்புகளில் சாட்ஜிபிடியை முடக்கின. அதே ஆண்டு மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. பள்ளி இணைப்பில் முடக்கியது வீட்டில் இருக்கும் தொலைபேசியில் திறந்துதானே இருக்கும்? வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தடை என்பதே இல்லை, பள்ளிக் கணினியை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தான் தடை என்று ஆகிவிடும்.

தடைக்கு அடுத்து வந்தது கண்டுபிடிப்பான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. ஏஐ எழுதியதா மனிதர் எழுதியதா என்று கண்டறிவதற்காக, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ எழுதியது என்றது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். உருவாக்கியவர்களாலேயே முடியாததை முடியும் என்று சொல்லி விற்பவர்களை நம்பித்தான் பல நிறுவனங்கள் மாணவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின.

ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை விழுந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் தவறு ஏறக்குறைய இல்லை. காரணம் எளிது. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்த்தபடி இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கருவிகள் அளக்கின்றன. எதிர்பாராத சொற்கள் வந்தால் மனிதர், எதிர்பார்த்த சொற்களே வந்தால் இயந்திரம். இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை தனக்குத் தெரிந்த சில நூறு சொற்களை வைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்த வாக்கிய அமைப்பில் கவனமாக எழுதுகிறது. அந்தக் கவனமே அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

நான் வகுப்பு எடுத்த காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. எப்போதும் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதும் ஒரு மாணவியின் கட்டுரையை மென்பொருள் ஐயத்துக்குரியது என்று காட்டியது. அவளைக் கூப்பிட்டு, "இந்த இரண்டாவது பத்தியில் நீ சொல்லும் காரணம் எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் விளக்கு" என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடம் பேசினாள். கட்டுரையில் இல்லாத இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொன்னாள். கூடவே, முதலில் வேறு முடிவோடு எழுதிப் பிறகு மாற்றியதையும் சொன்னாள். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது எந்த மென்பொருளும் சொல்லியிருக்காது. அன்றிலிருந்து எண்ணைக் காட்டி எந்த மாணவரிடமும் விளக்கம் கேட்டதில்லை. உங்களிடமும் உறுதியாகச் சொல்கிறேன்: கண்டுபிடிப்பான் தரும் சதவீதத்தை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

சரி, நேர்மையை ஒருபுறம் வைப்போம். எந்த மாணவரும் ஏமாற்றவில்லை, எல்லாரும் ஏஐயைக் கற்பதற்காகவே பயன்படுத்துகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது படிப்பு நடக்கிறதா?

இதற்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் செய்தது. 2025-இல் ஆய்விதழில் வெளிவந்தது. மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாம் பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒன்று. மூன்றாம் பிரிவுக்கு அதே ஏஐதான், ஆனால் விடையை நேரே சொல்லக்கூடாது, குறிப்புகள் மட்டுமே தர வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு கணக்கிலும் மாணவர்கள் எங்கே தவறுவார்கள், அப்போது என்ன குறிப்புத் தர வேண்டும் என்பதை ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பயிற்சி செய்யும்போது இரண்டாம் பிரிவு, புத்தகப் பிரிவைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. மூன்றாம் பிரிவு 127 சதவீதம் கூடுதல். பிறகு ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் பிரிவு, ஏஐயையே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. மூன்றாம் பிரிவுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆனால் புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட அதிகமாகவும் எடுக்கவில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொரு செய்தி: குறைவாக எடுத்த அந்தப் பிள்ளைகள், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை உணரவே இல்லை. பயிற்சித்தாள் நிறைய சரி விழுந்ததால் பாடம் வந்துவிட்டது என்று நம்பினார்கள். இத்தனைக்கும் கட்டுப்பாடில்லாத அந்த ஏஐ ஏறத்தாழ பாதித் தடவைதான் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தது.

இது ஏன் இப்படி என்பதற்கு ஏஐ வருவதற்கு முன்பே விடை தெரியும். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு பகுதியை ஒரு குழு மீண்டும் மீண்டும் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மூளை தேடித் துழாவி எடுத்ததுதான் தங்குகிறது. எளிதாக இருந்தது என்பதற்கும் கற்றுக்கொண்டோம் என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை; பல நேரம் எதிர்த் தொடர்புதான். மாணவர் திணறும் அந்த இரண்டு நிமிடம்தான் படிப்பு. ஏஐ அந்த இரண்டு நிமிடத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறது, அதுவும் மிக அன்பாக.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் தடை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஹார்வர்டில் இயற்பியல் அறிமுக வகுப்பு மாணவர்கள் 194 பேரிடம் 2023-இல் செய்த ஆய்வில், அங்கேயே உருவாக்கிய ஓர் ஏஐ பயிற்றுநரிடம் கற்றவர்கள், நன்றாக நடத்தப்பட்ட வகுப்பில் கற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கற்றார்கள், அதுவும் குறைந்த நேரத்தில். இரண்டு பாடங்களில் மட்டும் செய்த சோதனை என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அந்தப் பயிற்றுநரை எப்படி அமைத்தார்கள் என்று பாருங்கள்: ஒவ்வொரு கேள்விக்கும் படிப்படியான தீர்வை ஆசிரியர்களே எழுதி உள்ளே வைத்தார்கள், ஒரு நேரத்தில் ஒரு படிக்கு மேல் சொல்லாதே என்றார்கள், மாணவரே முயலும்படி கட்டாயப்படுத்தினார்கள்.

இன்னொன்று 2024-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. அங்கே ஏஐ மாணவரிடம் பேசவே இல்லை. இணையவழியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் 900 பயிற்றுநர்களின் காதருகே நின்று, 'இப்போது விடையைச் சொல்லாதீர்கள், இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்' என்று யோசனை சொன்னது. பாடத்தில் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் அளவு 4 சதவீதப் புள்ளி கூடியது. மதிப்பீட்டில் பின்தங்கியிருந்த பயிற்றுநர்களிடம் படித்த பிள்ளைகளுக்கு 9 புள்ளி. அனுபவம் குறைந்தவருக்குத்தான் கூடுதல் பயன். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியருக்குப் பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியர் செய்யும் உதவி இதுதான், இல்லையா?

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகள் எங்கே வழுக்கி விழுவார்கள் என்ற ஆசிரியரின் அறிவு கருவிக்குள் போன இடத்தில் படிப்புக்குக் கெடுதல் இல்லை, சில இடங்களில் நல்ல பலனே இருந்தது. அது போகாத இடத்தில் கெடுதல் நடந்தது. துருக்கியில் இரண்டு பிரிவுக்கும் கொடுத்தது ஒரே ஏஐதான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த அறிவு பாடநூலில் கிடையாது. இருபது ஆண்டு விடைத்தாள் திருத்தியவரிடம் இருக்கிறது. பின்னக் கூட்டலில் பகுதியையும் பகுதியோடு கூட்டிவிடும் பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது, எதைச் சொன்னால் திருந்தும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டீர்களே, இதுதான் மிஞ்சும். இதற்கு இனி மதிப்புக் கூடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏஐ பயிற்றுநர் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 1984-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதியதை எடுத்துக்காட்டுவார்கள்: தனி ஆசிரியர் வைத்துக் கற்ற மாணவர், சராசரி வகுப்பு மாணவரைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) மேலே போனார் என்பது. அந்த எண் பிறகு வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தனியாகச் சொல்லிக் கொடுப்பதன் விளைவு ஏறத்தாழ 0.79 திட்டவிலக்கம் என்றும், நன்கு அமைந்த கணினிப் பயிற்றுநரின் விளைவு 0.76 என்றும் கண்டார். இரண்டுமே நல்ல அளவுதான். ஆனால் இரண்டு திட்டவிலக்கம் என்று வாக்குறுதி கொடுத்து உங்கள் பள்ளிக்கு எதையாவது விற்க வருபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆசிரியரின் அன்றாட வேலையில் ஏஐ எங்கே பயன்படும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே கருத்துக்கு மூன்று நிலைகளில் பயிற்சித்தாள், புதிய எடுத்துக்காட்டுகள், வினாத்தாளின் முதல் வரைவு, பெற்றோருக்கான அறிவிப்பு, பாடக்குறிப்பின் கூடு: இவற்றில் நேரம் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு வரியையும் நீங்கள் வாசிக்க வேண்டும். தவறான ஆண்டையும் இல்லாத மேற்கோளையும் அது சரியானதைச் சொல்லும் அதே தெளிவோடு சொல்லும். குரலில் தயக்கம் இருக்காது. மனிதர் பொய் சொல்லும்போது தெரியும் அந்தத் தடுமாற்றத்தை நம்பி வளர்ந்தவர்கள் நாம்.

மதிப்பெண் போடுவதை மட்டும் அதனிடம் விடாதீர்கள். முதல் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லச் செய்யலாம், அந்தக் கருத்தை மாணவர் ஏற்கலாம், மறுக்கலாம். மதிப்பெண் அப்படியில்லை, அது பிள்ளையின் வழியைத் தீர்மானிக்கிறது. 2020-இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் தேர்வுகள் நடக்காமல் போனபோது, ஒரு கணிப்பு முறையை வைத்து ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வின் தரங்களைக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிட 39 சதவீதம் தரங்கள் கீழே இறங்கின. பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளை அந்த முறை கணக்கில் எடுத்ததால், பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை தன் பள்ளியின் பழைய வரலாற்றுக்காகத் தண்டிக்கப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கு நாளில் அரசு அதைக் கைவிட்டது. அது இன்றைய ஏஐகூட இல்லை, எளிய புள்ளியியல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், மாணவர் சேர்க்கைக்கும் மதிப்பீட்டுக்கும் பயன்படும் ஏஐயை உயர் அபாய வகையில் வைத்திருப்பதும், கல்வி நிலையங்களில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐயை 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

இனிப் பாடத்திட்டம். உங்கள் குழுவில் கட்டாயம் யாராவது கால்குலேட்டரை உதாரணம் சொல்வார்கள். நல்ல உதாரணம்தான், முழுதாகச் சொன்னால். 1972-இல் சட்டைப்பையில் அடங்கும் அறிவியல் கால்குலேட்டர் வந்தது. அதுவரை கணக்கிடப் பயன்பட்ட சறுக்குச் சட்டம் சில ஆண்டுகளில் மறைந்தது. மடக்கை (லாக்) அட்டவணை பார்க்கும் பயிற்சி மெல்ல மெல்லப் போனது. 1980-இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் சங்கம் எல்லா வகுப்புகளிலும் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் வாய்ப்பாடு போகவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று தெரியாத பிள்ளைக்குக் காரணிப்படுத்தலில் எந்த இரண்டு எண்ணைத் தேடுவது என்றே தோன்றாது. 56-ஐப் பார்த்தவுடன் உள்ளே ஒரு மணி அடிக்க வேண்டும். மடக்கை அட்டவணை வெறும் வழி, அதனால் போனது. வாய்ப்பாடு அடுத்த சிந்தனைக்கு மூலப்பொருள், அதனால் நின்றது.

உங்கள் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு அலகையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இது மடக்கை அட்டவணையா, வாய்ப்பாடா? முறைசார் கடிதத்தின் வடிவம், மேற்கோள் பட்டியலைக் குறிப்பிட்ட முறையில் அடுக்குவது, ஒரு நிரல் மொழியின் நிறுத்தற்குறி விதிகளை மனப்பாடம் செய்வது, இவை மடக்கை அட்டவணை. தயங்காமல் குறைக்கலாம். கட்டுரை எழுதுவது அப்படியில்லை. மாணவரின் கட்டுரை உலகத்துக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக நாம் எழுதச் சொல்வதில்லை. எழுதும்போதுதான் தான் நினைத்தது கோர்வையாக இல்லை என்பது தெரிகிறது. மூன்றாம் பத்தியில் முதல் பத்திக்கு எதிராக ஏதோ சொல்லிவிட்டோம் என்று விழிக்கிறார்கள். அந்த விழிப்புதான் நமக்கு வேண்டியது.

"எல்லாவற்றையும் கேட்டால் சொல்லிவிடுகிறதே, தகவல்களை எதற்கு நினைவில் வைக்க வேண்டும்?" என்ற வாதம் இப்போது வலுவாக வருகிறது. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஐயப்படுவதற்கே அறிவு வேண்டும். ஓர் இருபடிச் சமன்பாட்டின் தீர்வில் ஏஐ ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டால், விடையைத் திரும்பப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பிடிபடும். வரலாற்றில் இது இன்னும் கூர்மையானது. ஒரு நிகழ்வின் காரணங்களைக் கேட்டால் ஏஐ ஐந்து காரணங்களை அழகாகக் கொடுக்கும். அவை எந்தத் தரப்பின் பார்வை, யாருடைய ஆவணங்களிலிருந்து வந்தவை, யாருடைய குரல் அங்கே இல்லை என்பது அதில் தெரியாது. காலவரிசையும் ஊர்களும் ஆட்களும் மனதில் இருக்கும் மாணவர், "இது நடந்தது அதற்கு முன்னால் ஆயிற்றே, இது எப்படி அதற்கு விளைவாகும்?" என்று கேட்பார். ஒன்றும் நினைவில் இல்லாதவர் எதையும் கேட்க மாட்டார், ஒப்புக்கொள்வார். விமர்சனச் சிந்தனையை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தகவலறிவைப் பாடத்திட்டத்திலிருந்து உருவிவிட்டால், சிந்திக்க ஒன்றுமில்லாத விமர்சனம்தான் மிஞ்சும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் தன் கையால், பிறகு கருவியோடு. நிரல் எழுதும் பாடத்தில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் சுழற்சியை (loop) தானே எழுதி, பிழையைத் தானே தேடிக் கண்டவர், பிறகு ஏஐ எழுதிய நூறு வரியை வாசித்துக் குறை சொல்ல முடியும். மொழிப்பாடத்தில், தானே ஒரு வரைவு எழுதியவர் ஏஐ தந்த வரைவைப் பக்கத்தில் வைத்து, "இது வழவழப்பாக இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டது" என்று சொல்ல முடியும். சின்ன வகுப்புகளில் இரண்டாம் கட்டத்துக்கு அவசரமே இல்லை. வகுப்பறையில் உருவாக்க ஏஐயை, அதாவது சாட்ஜிபிடி போல் தானே எழுதித் தரும் ஏஐயை, பயன்படுத்துவதற்கு 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வையுங்கள் என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஏஐயை ஒரு பாடமாகவே வைப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது. யுனெஸ்கோ 2024-இல் மாணவர்களுக்கு ஒன்றும் ஆசிரியர்களுக்கு ஒன்றுமாக ஏஐ திறன் சட்டகங்களை வெளியிட்டது. பெய்ஜிங் பள்ளிகளில் 2025 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 8 மணி நேரம் ஏஐ கற்பிக்கப்பட வேண்டும். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வு 2029-இல் ஊடக, ஏஐ எழுத்தறிவையும் அளக்கப் போகிறது. வைக்கலாம். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது, ஏஐயிடம் கேட்பதற்கான பிராம்ப்டை எப்படி எழுதுவது என்று பாடம் எழுதாதீர்கள். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அது பழசாகிவிடும். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்பியுங்கள்.

அதற்குக் கணினிகூட வேண்டாம். மாணவர்கள் ஆளுக்குப் பத்து வாக்கியம் எழுதட்டும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு சொல்லில் தொடங்கி, பகடை உருட்டி, அட்டவணைப்படி அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று கோக்கட்டும். சில வாக்கியங்கள் கோணலாக வரும். சில கச்சிதமாக வரும், ஆனால் பொய்யாக இருக்கும். யாரும் எழுதாத வாக்கியம், இலக்கணம் சரி, செய்தி தப்பு. உண்மையான ஏஐ இதைவிடப் பல மடங்கு சிக்கலானது, நீண்ட சூழலைப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆனாலும், அடுத்த சொல்லை ஊகிப்பது வேறு, உண்மை தெரிவது வேறு என்பது அந்த ஒரு வகுப்பில் பிள்ளைகளின் கைக்கே தெரிந்துவிடும்.

அட்டவணை எந்த வாக்கியங்களிலிருந்து வந்ததோ அதற்குத் தகுந்தபடிதான் வெளிவரும் என்பதும் தெரியும். இதிலிருந்து மொழிக்குப் போகலாம். இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் இந்தக் கருவிகள் பலவீனமானவை. அதோடு, இவை எழுத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. சாட்ஜிபிடியை இயக்கிய முந்தைய மாதிரியான ஜிபிடி-4, எடுத்துக்காட்டாகக் கொடுத்த ஒரு தமிழ்ப் பகுதியை 116 துண்டுகளாக வெட்டியது. 2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓ அதையே 35 துண்டாக்கியது என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. முன்னேற்றம்தான். ஆனால் துண்டு கூடினால் செலவும் கூடும், நேரமும் கூடும் என்பதால், மொழியைப் பொறுத்து ஒரே பாடம் ஒரு பிள்ளைக்கு மலிவாகவும் இன்னொரு பிள்ளைக்குக் கூடுதல் விலையிலும் கிடைத்துவந்தது என்பதைப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் கவனிக்க வேண்டும். தாய்மொழியில் படிக்கும் பிள்ளைக்கு ஏஐ தரும் விளக்கத்தை, அந்த மொழி ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்காமல் வகுப்பில் விடக்கூடாது.

கடைசியாக வேகம் பற்றி. தென்கொரியா 2025 மார்ச்சில் கணிதம், ஆங்கிலம், தகவலியல் பாடங்களுக்கு ஏஐ மின்பாடநூல்களைக் கொண்டுவந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்தார்கள். ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் அவற்றைப் பாடநூல் என்ற நிலையிலிருந்து துணைக் கருவி என்ற நிலைக்கு இறக்கியது. எஸ்தோனியா அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் பத்து, பதினோராம் வகுப்பு மாணவர்கள் 20,000 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது, கூடவே 3,000 ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. மாணவரோடு ஆசிரியரையும் கணக்கில் எடுத்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கிறது.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது, பாடப்பகுதியை மாற்றுவதற்கு முன் தேர்வை மாற்றுங்கள் என்பது. தேர்வு பழையபடி இருந்தால் எந்தப் பாடத்திட்டமும் பழைய தேர்வுக்கான பாடத்திட்டமாகவே நடத்தப்படும். உங்கள் சொந்த வகுப்பில் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஒப்படைவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவை வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால், பேனாவால் எழுதட்டும். திருத்துவதை வீட்டில் செய்யட்டும். ஏஐயிடம் கேட்டிருந்தால் என்ன கேட்டார்கள், அது சொன்னதில் எதை எடுத்தார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று பக்கத்தில் நான்கு வரி எழுதட்டும். பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் உங்களோடு பேசட்டும். நாற்பது பேருக்கு இருநூறு நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. அந்த ஐந்து பாடவேளையைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பயிற்சித்தாள் தயாரிப்பதில் ஏஐ மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தையும் இதில் போடுங்கள். இரண்டாவது முறை செய்யும்போது, பேசவே கூச்சப்பட்ட பிள்ளைகளில் சிலர், "சார், முதல்ல நான் வேற மாதிரி நினைச்சேன்" என்று தாங்களாகவே ஆரம்பிப்பார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.